தசை வலுவாக இருந்தால் எலும்பும் அடர்த்தியாக இருக்குமா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் ‘தொடை கல்லு மாதிரி இருக்கு, எலும்புக்கென்ன குறை’ என்று இருந்துவிட்டால் என்னைப் போல ஏமாறுவீர்கள்.

எனக்கு 53 வயது. 11 வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் 80 கிலோமீட்டருக்குக் குறையாது. போன வருடம் கீழே விழுந்து மணிக்கட்டில் விரிசல். எதற்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டர், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். மல்லாந்து படுத்தால் காலுக்கடியில் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டையை வைக்கிறார்கள், கருவி மேலே மெதுவாக நகர்கிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். என் முதுகெலும்பின் புள்ளி மஞ்சளில் இருந்தது. டி-ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 1.6. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-ஐத் தொட்டால் எலும்புப்புரை (எலும்பு எளிதில் முறியும் அளவுக்கு அடர்த்தி குறைந்த நிலை). நான் நடுவில்.

தசைக்கும் எலும்புக்கும் உள்ள உறவு இழுப்பில் இருக்கிறது. 5 கிலோ அரிசிப் பையைப் பிடித்தபடி முழங்கையை மடக்கி நில்லுங்கள். பை இருப்பது மூட்டிலிருந்து ஓர் அடி தள்ளி. மேல் கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் எலும்பில் ஒட்டியிருப்பதோ நாலைந்து சென்டிமீட்டரில். அதனால் பையின் எடையைப் போல ஆறேழு மடங்கு அது இழுத்தாக வேண்டும். எலும்புக்குள் இருக்கும் செல்கள் இந்த அழுத்தத்தை உணர்ந்து, தேவைப்படும் இடத்தில் எலும்பைக் கூட்டுகின்றன. பாரத்துக்கு ஏற்ப எலும்பு மாறும் என்பதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். டென்னிஸ் வீரர்களைப் பாருங்கள்: ராக்கெட் பிடிக்கும் கையின் மேல் எலும்பு மற்றதைவிடத் தடிமனாக இருக்கும். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை. வேறுபாடு அடித்த அடியில்தான்.

சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது, தரையில் மோதும் அதிர்வும் கிடையாது. தொடைத் தசை வளர்ந்தது, முதுகெலும்புக்கு வேலையே இல்லை. நீச்சலும் ஏறக்குறைய இதே கதைதான்.

கைப்பிடி வலு அதிகம் உள்ளவர்களுக்கு இடுப்பெலும்பும் அடர்த்தியாக இருப்பதாக ஆய்வுகள் சொல்வது உண்மை. அதற்காக ஸ்பிரிங் கிரிப்பரை அமுக்கினால் இடுப்பு தேறிவிடாது! உடல்வாகு, ஹார்மோன், சின்ன வயதில் ஓடியாடியது எல்லாம் சேர்ந்து இரண்டையும் தீர்மானிக்கின்றன.

வேலை செய்வது கனமான எடை. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு நாள், 8 மாதம், பயிற்சியாளர் மேற்பார்வையில் கனமாகத் தூக்க வைத்தார்கள் (லிஃப்ட்மோர் ஆய்வு, 2018). முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3% கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு சதவீதம் போலக் குறைந்தது.

அதைப் படித்துத்தான் நானும் ஜிம்மில் சேர்ந்தேன். தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் பயிற்சியை 20 கிலோவில் ஆரம்பித்து ஆறு மாதத்தில் 60-க்கு வந்திருக்கிறேன். எலும்பு அவ்வளவு வேகமாக மாறாது, ஒரு வருடமாவது போகட்டும் என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேன் தை மாதம். எண் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.