அமெரிக்காவில் பொதுக் கொள்கை எப்படி உருவாகிறது? சட்டம் நிறைவேறியதும் வேலை முடிந்துவிடுமா?

முடியாது. பொதுக் கொள்கை என்பது, ஒரு பிரச்சினையில் அரசு என்ன செய்யும், எதைச் செய்யாது என்ற முடிவு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றி அதிபர் கையெழுத்துப் போட்டதோடு அது முடிந்துவிடுவதில்லை. இதைப் படிக்கிறவர்கள், அரசுத் துறைகள் விதிகளை எழுதும் அடுத்த கட்டத்தைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1990 ஜூலை 26 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் அதில் கையெழுத்திட்டார். புதிய கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளும் எளிதாகப் புழங்க வழி இருக்க வேண்டும் என்றது சட்டம். சரி, கதவு எத்தனை அகலம்? அதை 1991-இல் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அதிபரின் கீழ் இயங்கும் அரசுத் துறை) வெளியிட்ட விதிகள்தான் சொல்லின: திறந்த கதவில் குறைந்தது 32 அங்குல இடைவெளி. சாய்தளம் ஓர் அங்குலம் உயர, 12 அங்குலமாவது நீள வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சட்டம் என்பதே அந்த 32 அங்குலம்தான்.

ஏன் இப்படி? ஒவ்வொரு அளவையும் உட்கார்ந்து தீர்மானிக்க காங்கிரஸுக்கு நேரமும் போதாது, துறை அறிவும் போதாது. பெரியவர்கள் கல்யாணத்தை நிச்சயம் செய்வார்கள். எத்தனை படி அரிசி என்று சமையல்காரர்தான் கணக்குப் போடுவார். ஆனால் அதிகாரிகள் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, பொதுவாக வரைவு விதியை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.

அந்தக் கருத்துக் கேட்பைப் பலர் ஓட்டெடுப்பு என்று நினைக்கிறார்கள். அங்கே தலை எண்ணுவதில்லை, ஆதாரத்தோடு வரும் முக்கியமான ஆட்சேபம் ஒருவருடையதே ஆனாலும் துறை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.