டேப் விசையைத் தவறான இடத்திலும் அழுத்திப் பாருங்கள்

கேள்வி: மொரீஷியஸின் எபேனில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். நாங்கள் சற்றே மாற்றிப் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில், அட்டவணைகளின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் 'அனலைஸ்' கட்டளைக்கு ஒரு புதிய விருப்பத்தைச் சேர்த்துள்ளோம். அதற்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பிஎஸ்கியூஎல் கருவியில் டேப் விசையை அழுத்தினால் அது தோன்றும்படி சக ஊழியர் எழுதிய நிரலை நான் மதிப்பாய்வு செய்ய வேண்டும். அழுத்திப் பார்த்தேன், வருகிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், ரோஸ்ஹில்)

பதில்: வரவேண்டிய இடத்தில் வருவதைப் பார்த்துவிட்டீர்கள், வரக்கூடாத இடத்தில் வருகிறதா என்பதே மதிப்பாய்வின் பெரும்பகுதி. டேப் நிரப்புதலுக்கான (பாதி தட்டிய கட்டளையை டேப் விசை நிறைவு செய்வதற்கான) நிரல் கோப்பில் விதிகள் ஏறத்தாழக் கட்டளைகளின் அகரவரிசையில் அமைந்துள்ளன. முதலில் பொருந்தும் விதியே வெல்லும். உங்கள் சக ஊழியர் விதியில் 'மேட்சஸ்' என்று எழுதியிருந்தால் கட்டளை முழுவதும் ஒப்பிடப்படும். 'டெயில்மேட்சஸ்' என்றால் கடைசிச் சொற்கள் மட்டுமே. பின்னதை 'அனலைஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எழுதிவிட்டால், வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு டேப்பை அழுத்துபவருக்கு 'செலக்ட்' வருவதற்குப் பதிலாக உங்கள் புதிய விருப்பம் வந்து நிற்கும், ஏனெனில் 'எக்ஸ்பிளெய்ன்' விதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. இதை நீங்களே தட்டிப் பாருங்கள்.

அட்டவணைப் பெயர்கள் போன்றவற்றை சர்வரிடம் கேட்டு வாங்கும் விதி என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த வினவல் பயனரின் இணைப்பிலேயே ஓடுகிறது. பழைய சர்வரில் இல்லாத ஒரு நெடுவரிசையை அது கேட்டால், திரையில் பிழை எதுவும் தெரியாது. ஆனால் 'பிகின்' கொடுத்து ஒரு பரிவர்த்தனையைத் (ஒன்றாகவே நிறைவேறவோ கைவிடப்படவோ வேண்டிய கட்டளைத் தொகுப்பை) தொடங்கி வேலை செய்துகொண்டிருப்பவரின் பரிவர்த்தனை அந்த நொடியே முறிந்துவிடும். டேப்பை மட்டும் அழுத்தியவர் தன் வேலையை இழப்பதை நான் சிறு குறையாகக் கருதமாட்டேன். ஆகவே நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய சர்வருடன் இணைந்து, 'பிகின்' கொடுத்து, டேப்பை அழுத்தி, அடுத்து 'செலக்ட் 1' கொடுத்துப் பாருங்கள்; பிழை வந்தால் பரிவர்த்தனை முறிந்துவிட்டது என்று பொருள்.

பிரெஞ்சு வாடிக்கையாளர்களின் தரவுத்தளங்களில் 'கிளியாந்' போன்ற பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதுண்டு; அவை இரட்டை மேற்கோள்களுடன் நிரப்பப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

தானியங்கிச் சோதனை பச்சை காட்டினாலும் பதிவைத் திறந்து படியுங்கள்: விசை அழுத்தங்களைக் கையாளும் ரீட்லைன் நூலகம் இல்லாமல் தொகுத்திருந்தாலோ, சோதனைக்குத் தேவையான பெர்ல் மொழியின் ஐஓ-பிடிஒய் தொகுதி இல்லாவிட்டாலோ டேப் சோதனை முழுவதுமே தவிர்க்கப்பட்டிருக்கும். மேக் கணினிகளில் இயல்பாக இருப்பது ரீட்லைன் அன்று, அதற்கு மாற்றான லிப்எடிட் நூலகம். அதிலும் ஒருமுறை கையால் தட்டிப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.