கூகை, பாம்பு, கறுப்புப் பூனை: கிறிஸ்தவத்தில் இவை சாத்தானின் பிராணிகளா?

இல்லை. வேதாகமம் எந்த மிருகத்தையும் பிசாசின் படைப்பு என்று சொல்லவில்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே காட்டுமிருகங்களையும் ஊரும் பிராணிகளையும் உண்டாக்கிவிட்டு, தேவன் அது நல்லது என்று கண்டார். ஆனாலும் இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்குள்ளேயே வளர்ந்தவன் நான்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம், பனங்காட்டை ஒட்டியது. நான் எட்டாவது படிக்கும்போது கோயில் மணிக்கூண்டில் ஒரு கூகை ஜோடி (ஆந்தை வகைதான்) குஞ்சு பொரித்திருந்தது. சாயங்கால ஆராதனையில் ஜெபத்துக்குத் தலை குனிந்தால் மேலேயிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சீறல் கேட்கும். "சாத்தான் குருவி, கர்த்தரோட வீட்டுக்குள்ளயே வந்துட்டு பாரு" என்று சபைப் பெரியவர் ஒருவர் கம்போடு மேலே ஏறினார். பையன்கள் நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

மூன்று குஞ்சுகள். இலவம்பஞ்சைப் பிய்த்து ஒட்டினதுபோல உடம்பு, இருதய வடிவத்தில் முகம். கம்பு நீண்டதும் மூன்றும் பின்வாங்கின. ஒன்று விளிம்பு தாண்டிக் கீழே விழுந்து செத்துப்போனது. படிக்கட்டு முழுக்க அவை செரிக்காமல் கக்கின கறுப்பு உருண்டைகள் கிடந்தன. ஒன்றைக் காலால் மிதித்து உடைத்தேன். உள்ளே மயிரும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு எலியின் தாடையெலும்பும். வயலில் நெல்லைத் தின்கிற எலிகளைத்தான் அந்தப் பறவைகள் ராத்திரியெல்லாம் பிடித்துவந்து குஞ்சுகளுக்குக் கொடுத்திருக்கின்றன. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி தாத்தா வந்து சத்தம் போட்ட பிறகே பெரியவர் கம்பைக் கீழே போட்டார்.

அந்தப் பெரியவர் மனதில் இருந்தது லேவியராகமம் 11. ஆந்தையும் கோட்டானும் அந்த அதிகாரத்தின் அசுத்தப் பட்டியலில் உண்டுதான். ஆனால் அந்த வசனம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: பறவைகளில் நீங்கள் 'புசியாமல்' அருவருக்கவேண்டியவை. இஸ்ரவேலர் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்கிற சட்டம் அது. அதே அதிகாரத்தில் முயலும் அசுத்தம், ஒட்டகமும் அசுத்தம். முயலைப் பிசாசு என்று யாராவது கல்லெறிகிறார்களா? யோவான் ஸ்நானகன் உடுத்தியிருந்ததே ஒட்டகமயிர் உடைதான். அசுத்தப் பட்டியலில் வருகிற காகங்கள்தான் எலியா தீர்க்கதரிசிக்குக் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன.

பாம்பைப் பற்றிக் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும். ஏதேன் தோட்டத்துச் சர்ப்பம் ஏவாளை ஏமாற்றியது. அதற்குச் சாபமும் கிடைத்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனமே அதை 'தேவனாகிய கர்த்தர் உண்டாக்கின' ஜீவன்களில் ஒன்றாகத்தான் வைக்கிறது. சாத்தான் என்ற பெயர் அங்கே இல்லை. பிசாசைப் 'பழைய பாம்பு' என்று வெளிப்படுத்தின விசேஷம் 12தான் சொல்கிறது. சாபம் என்று பார்த்தால், அதே அதிகாரத்தில் ஆதாமின் நிமித்தம் பூமியும் சபிக்கப்பட்டது. நிலத்தைப் பிசாசு என்று சொல்லி நாம் உழாமல் இருக்கிறோமா? பிறகு வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பிழைக்க மோசே வெண்கலச் சர்ப்பத்தைக் கம்பத்தில் தூக்கி வைக்கிறார். யோவான் 3:14ல் இயேசு தம்முடைய சிலுவைக்கு அதையே ஒப்பாகச் சொல்கிறார். பாம்பு பிசாசுக்கே உரிய உரு என்றால் அந்த ஒப்புமை அவர் வாயில் வந்திருக்குமா? சிங்கமும் அப்படித்தான். பேதுரு பிசாசை கெர்ச்சிக்கிற சிங்கம் என்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் கிறிஸ்துவே யூதா கோத்திரத்துச் சிங்கம்.

கறுப்புப் பூனைக்கு வேதத்தில் ஆதாரமே கிடையாது. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் வீட்டுப் பூனையே வராது. கத்தோலிக்க விவிலியத்தில் பாரூக்கு 6ல், சிலைகள்மேல் பூனைகள் உட்காரும் என்று ஒரு வரி உண்டு, அவ்வளவே. 1233ல் போப் ஒன்பதாம் கிரகோரி எழுதிய ஒரு கடிதத்தில், ஜெர்மனியில் சில மதவிரோதிகள் நடத்தியதாகச் சொல்லப்பட்ட சடங்கில் ஒரு கறுப்புப் பூனை வருகிறது. பூனைகளைக் கொல்லுங்கள் என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. ஐரோப்பாவின் பயம் அது, வேதத்தின் போதனை இல்லை.

கதரேனர் நாட்டுப் பன்றிகளையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். இயேசு துரத்திய ஆவிகள் அந்தப் பன்றிகளுக்குள் போனதாக வருகிற மாற்கு 5ஐ நிதானமாக வாசியுங்கள். அசுத்த ஆவிகள் குடியிருந்தது மனுஷனுக்குள். ஏறக்குறைய 2000 பன்றிகள் அவை உள்ளே வந்ததும் கடலில் பாய்ந்து மாண்டன.

பல வருஷம் கழித்து, என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ராத்திரி தூக்கம் வராமல் 102ஆம் சங்கீதத்தை வாசித்தேன். துயரப்படுகிற ஒருவன் கர்த்தரிடம் முறையிடுகிறான்: "பாழான இடங்களில் தங்கும் ஆந்தையைப் போலானேன்." விழுந்து செத்த அந்தக் குஞ்சின் முகம் அப்படியே கண்முன் வந்தது. அன்றைக்கு அந்த வசனம் எனக்குத் தெரிந்திருந்தால், கம்போடு ஏறியவருக்குப் பின்னால் ஓடியிருக்க மாட்டேன். முன்னால் போய் நின்றிருப்பேன்.