கரண்ட் போனால் கூடம் நனைகிறது: மீன் தொட்டி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். கீழே அலமாரிக்குள் 75க்கு 35 அளவில், 40 செ.மீ. உயர சம்ப், அதாவது மேல்தொட்டியின் நீர் வடிந்து வந்து பம்ப் வழியே திரும்ப மேலேறும் கீழ்த்தொட்டி. பம்ப் ஓடும்போது சம்பில் 30 செ.மீ. தண்ணீர் நிற்கும். லோட் ஷெட்டிங் வந்தாலும் கேபிள் கோளாறு வந்தாலும் அரை வாளித் தண்ணீர் தரையில். தண்ணீர் திரும்பிக் கீழே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டேன். மூன்று மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: முதல் வேலையாக, அலமாரித் தரையில் மல்டிபிளக் கிடந்தால் அதை எடுத்துச் சுவரில் மேலே மாட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பம்ப் நின்றதும் மேலேற்றும் குழாயே சைஃபனாக மாறி, அதன் வாய் காற்றைத் தொடும்வரை தண்ணீரைக் கீழே இழுக்கிறது. உங்கள் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 5.4 லிட்டர்; ஆறுக்கு 32 லிட்டர். குழாய்களிலும், மேல்தொட்டியில் வழியும் நீரைப் பிடித்துச் சம்புக்கு அனுப்பும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பது இன்னும் 2 லிட்டராவது வரும். சம்பில் 1 செ.மீ.க்கு 2.6 லிட்டர்தான் பிடிக்கும். மிச்சம் இருக்கும் 10 செ.மீ. இடத்தில் 26 லிட்டர் அடங்கும், 8 லிட்டர் வெளியே. உங்கள் அரை வாளிக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

நான்-ரிட்டர்ன் வால்வை நம்பி இருக்காதீர்கள். ஒரு சின்ன நத்தையோ பாசித் துணுக்கோ மடலில் சிக்கினால் போதும், அது முழுசாக மூடாது. கடல்நீர்த் தொட்டியில் சுண்ணாம்புப் படிவு இன்னும் சீக்கிரம் கெடுக்கும்.

குழாய் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருக்கும்படி உயர்த்துங்கள். முடியாவிட்டால், ஓடும் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே குழாயில் 4 மி.மீ. துளை போடுங்கள். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பம்ப் ஓடும்போது அந்தத் துளையிலிருந்து நீர் பீய்ச்சும். கண்ணாடி மூடியில் தெறிக்காதபடி கீழ்நோக்கிச் சாய்த்துத் துளையிடுங்கள். அதைப் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடவேண்டும்.

இனி சோதனை. பம்பை நிறுத்துங்கள், மேலிருந்து வருவது முழுக்க நிற்கட்டும். சம்பில் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே இருக்கும்படி தண்ணீரைச் சரிசெய்யுங்கள். பம்பைப் போட்டு, மட்டம் நிலைத்ததும் அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஆவியான தண்ணீரை ஈடுசெய்யும்போது யார் ஊற்றினாலும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. கோடு வீட்டில் எல்லோர் கண்ணிலும் படவேண்டும்.

கேள்வி: ஓவர்ஃப்ளோ பெட்டியிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறை ஃப்ளஷ் போல 'கொடகொட' என்று சத்தம். நடுவில் அமைதி. ராத்திரியில் தூங்க முடியவில்லை. (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: குழாயில் போதுமான காற்று இல்லை. நீர் நிரம்பிச் சைஃபன் பிடிக்கிறது, பெட்டியை வேகமாகக் காலி செய்து காற்றை உறிஞ்சி அறுகிறது, மறுபடி நிரம்புகிறது. நீங்கள் கேட்கும் சத்தம் அந்தச் சுற்றுதான்.

பெட்டிக்குள் செங்குத்தாக நிற்கும் வடிகுழாயின் மேல்மூடியில் 3 மி.மீ. துளை போட்டு, ஏர்லைன் குழாயைச் செருகி அதில் சிறு வால்வு மாட்டுங்கள். பெட்டிக்குள் நீர்மட்டம் ஏறி இறங்காமல் நிற்கும்வரை மெதுவாகத் திறக்கவும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஐந்து நிமிடம் காத்திருங்கள், அவசரப்பட்டால் அளவு பிடிபடாது. அதிகம் திறந்தால் பெட்டியில் மட்டம் உயரும், சலசலப்பும் கூடும்.

அப்படியும் அடங்காவிட்டால் சம்புப் பக்கம் பாருங்கள். வடிகுழாயின் நுனி 2–3 செ.மீ. மட்டும் மூழ்கியிருக்கட்டும். 15 செ.மீ. மூழ்கினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் குமுறும். 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை எல்போ போட்டாலும் பலன் உண்டு.

தொட்டியில் இரண்டு துளைகள் இருந்தால் என் தேர்வு வேறு: ஒன்றில் கேட் வால்வு (பல சுற்றுத் திருப்பி மெதுவாகத் திறக்கும் வகை) வைத்து, காற்று புகாத முழுச் சைஃபனாக ஓட்டுங்கள், மற்றதை அவசர வடிகாலாக உலர்ந்தே விடுங்கள். கால் சுற்றிலேயே முழுதும் திறந்துவிடும் பால் வால்வால் (ball valve) நுட்பமாகத் திருப்ப முடியாது. அவசரக் குழாய் மற்றதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது, அதில் எந்த வால்வும் வேண்டாம். குஞ்சுகள் விழாமல் இருக்க ஓவர்ஃப்ளோ பெட்டியின் விளிம்பில் நீர் வழியும் பற்களில் பஞ்சு கட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பஞ்சு அடைத்தால் மேல்தொட்டி வழியும்.

கேள்வி: கண்ணாடித் துளையில் பொருத்திய பல்க்ஹெட்டில் (குழாயைக் கண்ணாடியோடு இணைக்கும், நட்டுப் போட்ட இணைப்பு) சொட்டு நிற்கவில்லை. சிலிக்கோன் பூசலாமா? (வாசகர், டோங்காட்)

பதில்: வேண்டாம். ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் இருக்கும் உள்பக்கத்தில், அகன்ற தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில்தான் அது இருக்கவேண்டும். நட்டுப் பக்கம் போட்டிருந்தால் புரி வழியே கசியும். கழற்றி, கண்ணாடியில் ஒட்டிய மணலையும் பழைய சிலிக்கோனையும் பிளேடால் சுரண்டி, கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ஸ்பானர் போட்டு முறுக்கினால் வாஷர் பிதுங்கும், கண்ணாடியும் விரியலாம். பல்க்ஹெட்டின் மேல் குழாயின் எடை தொங்கக்கூடாது, கீழே ஒரு கிளிப் அடித்துத் தாங்குங்கள்.