தெரிந்த கதையையே திரும்பத் திரும்ப நடிப்பதால் திருச்சபைக்கு என்ன பயன்?

ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமத்தைப் பாருங்கள். கொள்ளைநோய்க்கு அஞ்சி 1633இல் நேர்ந்துகொண்டவர்கள், 1634 முதல் இயேசுவின் பாடுகளை (சிலுவைத் துன்பங்களை) நாடகமாக நடித்து வருகிறார்கள். இப்போது பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை. அவ்வூரில் பிறந்தவர்களும் இருபது ஆண்டுகள் குடியிருந்தவர்களும்தான் மேடையேறலாம். நாடகத்துக்கு முந்தைய ஆண்டில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முதல் முடியும் தாடியும் வெட்டக்கூடாது. ரோமானிய வீரர்களாக வருபவர்களுக்கு மட்டும் விலக்கு. (முடிதிருத்துபவரின் பாடு தனிக்கதை!)

அதே கதைதானே என்கிறீர்கள். இல்லை. யூதர்களை இழிவுபடுத்திய வசனங்களை அண்மைக் காலத்தில் பெருமளவு களைந்துவிட்டார்கள். மணமான பெண்களுக்கு 1990 வரை மேடையில் இடமில்லை. 2022இல், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக நடித்த இருவரில் ஒருவர் முஸ்லிம் இளைஞர். எனக்கு வசனத் திருத்தத்தைவிட இதுவே பெரிய படைப்பாற்றலாகத் தோன்றுகிறது.