ஃப்ரீஸர்ல என்சிலாடா: சாஸ் தனி, ரோல் தனி

போன இதழ்ல ஃப்ரீஸர் சமையல் பத்தி எழுதினதுல இருந்து சிக்கன் என்சிலாடா (சிக்கன் வெச்சு சுருட்டி சாஸோட சாப்பிடற மெக்சிகன் ரொட்டி) கேள்வியாவே வந்து குவியுது, அதுவும் அமெரிக்காவுல இருக்கற நம்ம பொண்ணுங்ககிட்ட இருந்து. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே.

அக்கா, எனக்கு எட்டாவது மாசம். அம்மாவுக்கு விசா இண்டர்வியூ தள்ளிப்போயிடுச்சு, குழந்தை பொறந்த அப்புறம்தான் வருவாங்க போல. இப்பவே சமைச்சு வெச்சுடலாம்னு ரெண்டு ட்ரே சிக்கன் என்சிலாடா செஞ்சு ஃப்ரீஸ் பண்ணினேன். டெஸ்ட்டுக்கு ஒரு ட்ரே எடுத்து பேக் பண்ணா ஒரே கூழ், ரோலே காணோம். ரெசிபில இருந்தபடிதான் செஞ்சேன். எங்க தப்பு?
வாசகி, டல்லாஸ்

உங்க மேல தப்பே இல்லம்மா, அந்த ரெசிபி மேலதான். என்சிலாடா காத்திருக்கற சாப்பாடு கிடையாது. மெக்சிகோவுல சாதாரணமா எப்படி பண்ணுவாங்கன்னா மக்காச்சோள டார்ட்டியாவை, அதாவது மெல்லிசான ரொட்டியை, மிளகாய் சாஸ்ல முக்கி எண்ணெய்ல ஒரு பொரட்டு பொரட்டி, சில ஊர்ல முதல்ல எண்ணெய் அப்புறம் சாஸ், உள்ள கொஞ்சம் சிக்கனோ சீஸோ வெச்சு சுருட்டி மேல வெங்காயத்தை தூவி அப்படியே தட்டுல குடுத்துடுவாங்க, பாதி நேரம் ஓவன் பக்கமே போகாது. க்ரீமும் சீஸும் போட்டு உருக்கற என்சிலாடாஸ் ஸ்விஸாஸ் மாதிரி சில வகை இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பெரிய ட்ரேல அடுக்கி சாஸை கொட்டி சீஸை மூடி பேக் பண்றது உங்க டெக்சாஸ் பக்கத்து வழக்கம்தான். அதுல டார்ட்டியா சாஸ்ல ஊறிக்கிட்டே இருக்கு, அடுப்புல இருக்கற அரை மணி நேரத்துக்கு அது தாங்கும், வாரக்கணக்கா தாங்காது. ஃப்ரீஸர்ல அந்த ஈரம் ஐஸா மாறி டார்ட்டியாவை உள்ளேயே கிழிச்சுடும், உருகும்போது தண்ணி பிரிஞ்சு வெளிய வரும், அதுதான் நீங்க பாத்த கூழ்.

அதனால சாஸும் டார்ட்டியாவும் பேக் பண்ற அன்னிக்குதான் ஒண்ணா சேரணும். 9க்கு 13 இஞ்ச் ட்ரேக்கு 6 இஞ்ச் சோள டார்ட்டியா 12, எலும்பில்லாத தொடை பீஸ் ஒன்றரை பவுண்டு, சாஸ் 3 கப், சீஸ் 2 கப். நெஞ்சு பீஸ் வேண்டாம், ஃப்ரீஸ் பண்ணி சூடு பண்ணா நார் நாரா காஞ்சு போயிடும். தொடை பீஸை வெங்காயம் பூண்டு உப்பு போட்டு தானா பிய்யற வரைக்கும் வேகவெச்சு பிச்சுக்கோங்க, அரை கப் சாஸ் சேத்து வாணலில வத்த விடுங்க, குழம்பு பதம் கூடாது, தொக்கு பதம். அப்புறம் அகலமான தட்டுல பரப்பி ஆற விட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, சமைச்சு 2 மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக் கூடாது. சூடா சுருட்டினா அந்த ஆவியே உள்ள ஐஸாயிடும்.

டார்ட்டியாவை மட்டும் சோம்பல் படாம ஒவ்வொண்ணா கொஞ்சூண்டு எண்ணெய்ல பக்கத்துக்கு 10, 15 செகண்ட் காட்டி எடுங்க. மொறுமொறுன்னு ஆகக்கூடாது, வளையணும். அந்த எண்ணெய் படலம்தான் ஈரத்தை தடுக்குது, சுருட்டும்போது விரியாமலும் இருக்கும். மைக்ரோவேவ்ல ஈரத்துணி சுத்தி சூடு பண்ணலாம்னு எல்லா ரெசிபிலயும் இருக்கும், உடனே சாப்பிட அது ஓகே, ஃப்ரீஸருக்கு வேஸ்ட். ஒண்ணுக்கு கால் கப் ஃபில்லிங் வெச்சு சுருட்டி, மடிப்பு கீழ வர்ற மாதிரி ட்ரேல இடைவெளி விட்டு மூடாம ஃப்ரீஸர்ல வைங்க. ரெண்டு மணி நேரத்துல கல்லாயிடும், அப்புறம் ஜிப் பைல போட்டு காத்தை நல்லா அமுக்கி எடுத்துடுங்க, காத்து இருந்தா மேல வெள்ளை வெள்ளையா காஞ்சுடும். மிச்ச சாஸ் ஒரு பைல தட்டையா, துருவின சீஸ் ஒரு பைல, மூணு பையையும் சேத்து ஒரு பெரிய பைல போட்டு தேதி எழுதிடுங்க.

வேணுங்கற நாளுக்கு முந்தின ராத்திரி எல்லாத்தையும் ஃப்ரீஸர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க. மறுநாள் ட்ரே அடியில கொஞ்சம் சாஸ், மேல ரோல், மிச்ச சாஸ், சீஸ், 375 டிகிரி ஃபாரன்ஹீட்ல 25, 30 நிமிஷம். நடுவுல தெர்மாமீட்டர் குத்தினா 165 காட்டணும். உங்க வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்துல கூட பண்ணிடுவார்.

இன்னொண்ணு, கேசோ ஃப்ரெஸ்கோன்னு வெள்ளை சீஸ் உதிர்த்து மேல தூவுவாங்க, கர்ப்பமா இருக்கும்போது அதை சூடு பண்ணாம சாப்பிடாதீங்க, லிஸ்டீரியா கிருமி பயம் இருக்கு. அம்மா வந்து பத்தியம்னு சொல்லி இந்த பைகளை எல்லாம் உங்க வீட்டுக்காரருக்கே குடுத்துட்டாங்கன்னா அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கண்ணாடி ட்ரேலயே ஃப்ரீஸ் பண்ணி அப்படியே ஓவன்ல வெக்கலாமா? ஆபீஸ்ல இருந்து வந்து உருக வெக்க டைம் இல்ல.
வாசகர், நியூ ஜெர்சி

வேண்டவே வேண்டாம், உறைஞ்ச கண்ணாடி சூடான ஓவனுக்குள்ள போனா வெடிச்சு சில்லு சில்லா போயிடும். ட்ரேல ஃபாயில் விரிச்சு அது மேல பார்ச்மெண்ட் பேப்பர் போட்டு ரோலை அடுக்கி ஃப்ரீஸ் பண்ணுங்க, கட்டியான உடனே மொத்தமா தூக்கி பைல போட்டுட்டா ட்ரே காலி. பேப்பர் எதுக்குன்னா தக்காளி, மிளகாய் சாஸ் புளிப்பு அலுமினியத்தை அரிச்சு ஓட்டை போடும். உருகாம நேரா வெக்கணும்னா உலோக ட்ரே, சாஸை மட்டும் மைக்ரோவேவ்ல உருக்கி கொஞ்சமா மேல ஊத்தி மூடி 375ல 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம், அப்புறம் திறந்து மிச்ச சாஸும் சீஸும் போட்டு இன்னொரு 15 நிமிஷம். அந்த ஒரு மணி நேரத்துக்கு பதிலா காலைல கிளம்பும்போது ஒரு பையை ஃப்ரிட்ஜ்ல கீழ தட்டுக்கு மாத்தறது ஈஸின்னு எனக்கு தோணுது, சாயந்திரத்துக்குள்ள முழுசா உருகாட்டியும் பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

சாஸுக்கு கால் கப் சில்லி பவுடர்னு ரெசிபில இருந்துச்சு, ஊர்ல இருந்து கொண்டு வந்த மிளகாத்தூளை போட்டேன், யாராலயும் வாய்ல வெக்க முடியல.
வாசகி, அட்லாண்டா

அய்யோ! அமெரிக்க ரெசிபில சில்லி பவுடர்னா அது கலவை, காரம் கம்மியான மிளகாயோட சீரகம், ஓரிகானோ, பூண்டு பொடி எல்லாம் சேந்தது. நம்ம மிளகாத்தூளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பொடியே வேண்டாம்னுதான் நான் சொல்வேன், மெக்சிகன் கடைல குவாஹியோ 8, ஆஞ்சோ 3ன்னு ரெண்டு வகை காஞ்ச மிளகாய் வாங்குங்க. ரெண்டும் காரத்தை விட நிறத்துக்கும் வாசனைக்கும்தான். விதை எடுத்து வெறும் வாணலில லேசா வாட்டி, கருகினா கசக்கும் ஜாக்கிரதை, வெந்நீர்ல 20 நிமிஷம் ஊற வெச்சு வதக்கின வெங்காயம், பூண்டு, கொஞ்சம் சீரகம், சிக்கன் வேகவெச்ச தண்ணியோட அரைச்சு வடிகட்டுங்க. குவாஹியோ தோல் தடிமன், வடிகட்டாட்டி வாய்ல மாட்டும். அப்புறம் எண்ணெய்ல ஊத்தி நிறம் மாறி கெட்டியாகற வரைக்கும் கொதிக்க விடுங்க. இதுல மைதாவும் இல்ல கார்ன்ஃப்ளாரும் இல்ல, அதனால ஃப்ரீஸ் பண்ணி எடுத்தாலும் தண்ணி தனியா சாஸ் தனியா பிரியாது. டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பாணி மெக்சிகன் கிரேவில மைதா சேப்பாங்க, அதுதான் ஃப்ரீஸர்ல இருந்து வந்து திரிஞ்ச மாதிரி நிக்கும். இந்த மெக்சிகன் மிளகாய் கிடைக்காத ஊர்னா காஷ்மீரி மிளகாய் வெச்சு சமாளிக்கலாம், நிறம் வரும், ஆஞ்சோவோட அந்த திராட்சை வாசனை வராது.

மக்காச்சோள மாவுல டார்ட்டியா போட்டா சுருட்டும்போதே துண்டு துண்டா போகுது.
வாசகி, கோயம்புத்தூர்

நம்ம கடை மாவு சோளத்தை அப்படியே அரைச்சது. டார்ட்டியா மாவுக்கு சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேகவெச்சு ஊற வெச்சு, தோலைக் கழுவி அரைப்பாங்க, அந்த சுண்ணாம்புனாலதான் மாவு ஒட்டிப் பிசைய வருது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் ஆயிரக்கணக்கான வருஷமா பண்ற முறை இது. மாசா ஹரீனான்னு கேட்டு வாங்குங்க, ஆன்லைன்ல கிடைக்கும். இல்லாட்டி கோதுமை டார்ட்டியா, ஆனா அது சாஸ் பட்டா சவசவன்னு ஆகும், சாஸை கடைசி நிமிஷம் வரைக்கும் தள்ளிப் போடுங்க.

ஃபில்லிங்ல சோர் க்ரீம் சேக்கலாமா?
வாசகி, சார்லட்

ஃப்ரீஸ் பண்றதுல வேண்டாம், திரியும். க்ரீம் சீஸ் கொஞ்சம் பரவால்ல. சோர் க்ரீம், அவகாடோ, கொத்தமல்லி எல்லாம் தட்டுக்கு வந்த அப்புறம்.

மாமனார் மாமியார் சுத்த சைவம். அவங்களுக்கும் ஒரு ட்ரே செஞ்சு வெக்கணும், பீன்ஸ் வெச்சா போதுமா?
வாசகி, சான் ஹோசே

போதும், ஆனா டின்ல வர்ற ரீஃப்ரைட் பீன்ஸை நம்பி வாங்காதீங்க, பாரம்பரியமா அது பன்றிக் கொழுப்புல செய்யறது, சைவம்னு தனியா எழுதியிருக்கற டின்னை எடுங்க. கோதுமை டார்ட்டியால சிலதுலயும் அந்தக் கொழுப்பு வரும். டின் சாஸ்ல சிக்கன் ஸ்டாக் இருக்கலாம், லேபிளை முழுசா படிங்க. கருப்பு பீன்ஸை குக்கர்ல வேகவெச்சு பாதியை மசிச்சு, வதக்கின வெங்காயம், குடைமிளகாய், உதிர்த்த சோளம் சேத்து அதே தொக்கு பதத்துல வத்த விட்டீங்கன்னா சிக்கனை விட நல்லாவே ஃப்ரீஸ் ஆகும். உருளைக்கிழங்கு மட்டும் போடாதீங்க, ஃப்ரீஸர்ல இருந்து வந்தா மண்ணு மாதிரி இருக்கும். சாஸ் அரைக்கும்போது சிக்கன் தண்ணிக்கு பதிலா மிளகாய் ஊறின தண்ணி, அது கசந்தா வெறும் தண்ணி. பைல பெருசா எழுதி வைங்க, ராத்திரி அவசரத்துல பை மாறிப் போச்சுன்னா அப்புறம் வீட்டுல நீங்கதான் பதில் சொல்லணும்.

2024 ஜூலைல பெரில் புயல் அடிச்சப்போ எங்க ஏரியால ரெண்டு நாளைக்கு மேல கரண்ட் இல்ல, ஃப்ரீஸர்ல இருந்ததை எல்லாம் தூக்கிப் போட்டோம். போடணுமா என்ன? என்சிலாடா சாதாரணமா எத்தனை நாள் தாங்கும்?
வாசகர், ஹூஸ்டன்

ஃப்ரீஸர் 0 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ்ல நின்னா கெட்டுப்போகாது, ருசிதான் குறையும். 2, 3 மாசத்துக்குள்ள சாப்பிட்டுடுங்க. கரண்ட் போனா, திறக்காம வெச்சா நிறைஞ்ச ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம் தாங்கும். அதனால காலி இடத்துல தண்ணி பாட்டிலை உறைய வெச்சு அடைச்சு வைங்க. கரண்ட் வந்த அப்புறம் பையைத் தொட்டுப் பாருங்க, உள்ள இன்னும் ஐஸ் துகள் இருந்தாலோ 40 ஃபாரன்ஹீட்டுக்கு மேல போகாம இருந்தாலோ திரும்ப ஃப்ரீஸ் பண்ணலாம், ரோல் கொஞ்சம் தளர்ந்துடும் அவ்வளவுதான். சிக்கன் 40க்கு மேல 2 மணி நேரம் தாண்டி இருந்துச்சுன்னா நீங்க தூக்கிப் போட்டது சரிதான், மோந்து பாத்து முடிவு பண்ற விஷயம் இல்ல அது. அங்க சில டாலருக்கு ஃப்ரீஸர் தெர்மாமீட்டர் கிடைக்கும், அடுத்த புயல் சீசனுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கி உள்ள போட்டுடுங்க.