பிரெஞ்சு பேச்சை லிதுவேனிய மொழியில் சொல்ல, அதுவும் அறிவியலுக்கு, ஆள் எங்கே?

“லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் லேசர் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. பேசுபவர்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகள், கேட்பவர்கள் லிதுவேனியர்கள். இரண்டு மொழியும் இயற்பியலும் தெரிந்த உரைபெயர்ப்பாளரை எப்படிப் பிடிப்பது?” இது ஒரு வாசகரின் கேள்வி.

முதலில் அந்த ‘இயற்பியலும்’ என்பதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். லிதுவேனிய மொழி பேசுபவர்களே சுமார் 30 லட்சம் பேர்தான். அதில் பிரெஞ்சும் தெரிந்து, காதில் வாங்கிக்கொண்டே வாயால் மாற்றிச் சொல்லும் பயிற்சியும் எடுத்து, லேசரும் படித்தவர்தான் வேண்டும் என்றால் கருத்தரங்கே முடிந்துவிடும். நல்ல மாநாட்டு உரைபெயர்ப்பாளரைப் பிடித்து, பாடத்தை நீங்கள் கொடுங்கள்; அதுதான் நடக்கிற காரியம். இரண்டு மொழியும் தெரிந்த ஆராய்ச்சி மாணவரையே உட்கார வைத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஆய்வகத்தைச் சுற்றிக் காட்ட அவர் போதும், மேடைப் பேச்சுக்கு வேண்டாம்.

தேட வேண்டிய இடம்? 2004-இல் லிதுவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததிலிருந்து லிதுவேனிய மொழி அங்கே ஆட்சிமொழி, அதனால் பிரஸ்ஸல்ஸ் கூட்டங்களில் வேலை பார்க்கிற சுயதொழில் உரைபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். சர்வதேச மாநாட்டு உரைபெயர்ப்பாளர் சங்கமான ஏஐஐசியின் இணையப் பட்டியலில் மொழி வாரியாகத் தேடலாம். வில்னியஸ் பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புத் துறையிலும் விசாரியுங்கள்.

பட்டியலில் ஏ, பி, சி என்று மொழிகளைப் பிரித்திருப்பார்கள், இதைக் கவனிக்காமல் விட்டால் அரங்கில்தான் தெரியும். ஏ தாய்மொழி, பி, அவர் பேசவும் செய்கிற மொழி, சி, கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். லிதுவேனியன் ஏ, பிரெஞ்சு சி உள்ளவர் உங்கள் உரைகளைப் பிரமாதமாகச் சொல்வார், ஆனால் கேள்வி நேரத்தில் லிதுவேனியர் ஒருவர் எழுந்து கேட்டால் அதைப் பிரெஞ்சில் சொல்ல அவரால் ஆகாது. பிரெஞ்சு பி உள்ளவராகக் கேளுங்கள். கிடைக்கவே இல்லையா, ஆங்கிலம் வழியாக இரண்டு கட்டமாகச் சொல்லலாம். ஆனால் தாமதம் கூடும், பிழையும் கூடும்.

ஒருவரை மட்டும் அமர்த்தி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். உடனுக்குடன் சொல்வது மூளையைப் பிழிகிற வேலை, இரண்டு பேர் உட்கார்ந்து 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். சும்மா இருக்கிறவரும் சும்மா இருக்க மாட்டார்: பேச்சாளர் அலைநீளத்தையும் துடிப்பு நேரத்தையும் கடகடவென்று அடுக்கும்போது, அந்த எண்களைத் தாளில் எழுதிப் பக்கத்தில் தள்ளுவது அவர்தான்.

பேசிப் பார்க்கும்போது “அறிவியல் தெரியுமா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் தெரியும் என்பார்கள். எப்படித் தயாராவீர்கள் என்று கேளுங்கள். ஸ்லைடும் கட்டுரையும் எப்போது வரும் என்று உங்களையே திருப்பிக் கேட்டால் நல்ல ஆள். ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கலைச்சொற்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐஏடிஇ தளத்தையும் லிதுவேனிய அரசின் கலைச்சொல் வங்கியையும் பார்ப்பார்கள். அப்புறம் அவர்கள் தயாரிக்கிற சொற்பட்டியலை உங்கள் லிதுவேனிய இயற்பியலாளர் ஒருவர் படித்துத் திருத்தட்டும், ஆய்வகத்தில் உண்மையில் புழங்கும் சொல் அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் ராத்திரி ஸ்லைடை மாற்றுகிற பேச்சாளர் எப்படியும் ஒருவர் இருப்பார், அந்தப் புதிய பிரதியும் உரைபெயர்ப்பாளர் கைக்குப் போக வேண்டும்.